ராணிக்கு இடுப்பு சுத்தம்

"வம்சம் அறுந்துபோகாமல் காப்பதே, உயிரென்று பிறந்த எதற்கும் தலையாய கடமை!" என்று ஓய்வுபெற்ற தாசில்தார் அருணகிரி கணீரென்று அறிவித்தார். கேட்டுக்கொண்டிருந்தது அவர் வீட்டு அல்சேஷன் நாய் ராணி மட்டும்தான். அது ஒரு கொட்டாவி விட்டுவிட்டு, வாசல் கேட்டைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டது.

மனைவி சரோஜா இறந்து ஐந்து மாதமாகிறது. ராணி அவள் வளர்த்த நாய். அன்றிலிருந்து வைத்த சோற்றில் பாதியைக் காக்கைதான் தின்றது. பொழுது சாய்ந்தால் கேட்டுக்கு நேராக உட்கார்ந்து விடும். ஒரு குட்டி போட்டால் தேறிவிடும் என்று அருணகிரிக்குத் தோன்றியது. ஆனால் தாசில்தார் ஒருவர் நாய்க்காகத் தவிக்கிறார் என்று வேங்கிக்கால் ஊரே பேசலாமா? அதனால் வம்சம் என்றார்.

கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டைக் கடலை மண்டி வைத்திருந்த அர்ஜுனனிடம் ஆண் அல்சேஷன் இருந்தது. சொல்லியனுப்பியதும் அவரே வந்துவிட்டார்.

"சம்பந்தம் பண்ணிக்கலாங்க சார். ஆனா இடுப்பும் முழங்கையும் படம் எடுத்துக் காட்டணும்."

"என்ன படம்?"

"எக்ஸ்ரேங்க. தொடையெலும்பு குண்டு அதோட கிண்ணத்துல கச்சிதமா உக்காந்திருக்கணும். போன வாட்டி பாக்காம சேத்துட்டேன். நாலு குட்டி. வருசம் திரும்பறதுக்குள்ள நாலும் நொண்டி."

"தாசில்தார் வீட்டு நாயையே சந்தேகப்படறீங்களா?"

"எலும்புக்குத் தாசில்தாரெல்லாம் தெரியாதுங்களே சார்."

காபி கொண்டுவந்த வேலைக்காரம்மா ஆராயி அப்படியே நின்றாள். "ராணிக்குக் குட்டியா? சார், அம்மா அப்பவே வந்து..."

"நாங்க பேசறப்ப நடுவுல வராத."

ஆராயி காபியை வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் கடைத்தெரு எக்ஸ்ரே நிலையத்தில் பையன் கைவிரித்தான். "நாய்க்கெல்லாம் எடுக்கறதில்ல சார்."

"நான் யார்னு தெரியுமா?"

அவனுக்குத் தெரியவில்லை. ஆனாலும் பயந்துவிட்டான். 'ராணி, பெண், வயது ஐந்து' என்று எழுதிக்கொண்டு எடுத்தான். ராணி புரண்டதில் மூன்று படம் பாழ். நான்காவதைப் பார்த்து, நாயையே பார்த்திராத டாக்டர் எழுதி அனுப்பினார்: குழந்தையின் இடுப்பு கோணலாக உள்ளது, பிறவியிலேயே வாலும் உள்ளது, பெற்றோர் உடனே நேரில் வரவும்.

அர்ஜுனன் அதை இரண்டு தடவை படித்தார். "பெத்தவங்கன்னா, நீங்கதான் போவணுங்க சார்."

இனிச் சென்னைதான் என்றாகிவிட்டது. வாடகை வேன் பிடித்தார். ஆபீஸ் ஜீப்பை வீட்டு வேலைக்கு ஒருநாளும் தொட்டதில்லை என்று தன் பிரிவு உபசார விழாவில் முக்கால் மணி நேரம் பேசியவர், வேன்காரரிடமும் அதையே திண்டிவனம் வரைக்கும் பேசினார்.

கால்நடை ஆஸ்பத்திரியில் மயக்க ஊசி போட்டு, ராணியை மல்லாத்தி, பின்னங்கால் இரண்டையும் நேராக இழுத்து, முட்டியை உள்பக்கம் திருப்பிப் பிடித்தார்கள். பிறகு முன்னங்காலை மடக்கி முழங்கையை எடுத்தார்கள். அருணகிரி கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார். சரோஜா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இப்படி நின்றதாக அவருக்கு ஞாபகம் இல்லை. அப்போது ஓய்வுக்கு இரண்டு மாதம் பாக்கி; கோப்புகள் இருந்தன.

திரும்பி வந்தபோது பௌர்ணமி. ஊர் எல்லையிலேயே போலீஸ்காரர் வேனை மறித்தார்.

"நான் தாசில்தார்ப்பா."

"இன்னிக்கு சாமியே நடந்துதான் வரணும். ஓரமா போ பெருசு."

மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் இருந்த முப்பது கிலோ ராணியைத் தோளில் போட்டுக்கொண்டு, கிரிவலக் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு நடந்தார். நாக்கு தொங்கிய நாயைப் பார்த்து ஓர் அம்மாள் உச்சுக்கொட்டினாள்.

"ஐயோ பாவம், போய்ச் சேந்துடுச்சா?" என்று அதன் நெற்றியில் விபூதி பூசினாள். பின்னால் வந்தவர் தன் மாலையைக் கழற்றி அதன் கழுத்தில் போட்டார். "மனச தேத்திக்கங்க ஐயா. புள்ள மாதிரி வளத்திருப்பீங்க."

உயிரோடுதான் இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தார். அழுகை வந்துவிட்டது. சுடுகாட்டில் வராத அழுகை. முன்பின் தெரியாத ஜனம் சுற்றி நின்று தண்ணீர் கொடுத்தது. ராணி அரைக்கண்ணால் பார்த்து அவர் காதை ஒருமுறை நக்கியது.

பத்து நாளில் முடிவு வந்தது. இடுப்பில் பழுதில்லை, முழங்கையில் பழுதில்லை. அருணகிரி படங்களைக் கூடத்து ஜன்னலில் மாட்டி, தபால்காரரையும் பால்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். ஆராயி மறுபடி ஏதோ சொல்ல வந்தாள். "அப்புறம்" என்றார்.

வெள்ளிக்கிழமை அர்ஜுனன் தாம்பூலத் தட்டோடு வந்தார். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "அருமைங்க சார்!" என்று தட்டை நீட்டினார். "கடைசியா எப்ப பருவத்துக்கு வந்துச்சுங்க?"

"சரோஜாவுக்குத்தான் தெரியும்" என்றார் அருணகிரி, பழக்கத்தில். பிறகு உள்பக்கம் திரும்பி, "ஆராயி! ராணி எப்ப பருவத்துக்கு வரும்?"

"எங்கருந்து வரும்? கர்ப்பப்பையத்தான் எடுத்தாச்சே. மூணு வருசமாவுது. 'குட்டி போட்டா வளக்கறதுக்கு நான் ஒருத்திதான்டி'ன்னு அம்மாதான் எடுக்கச் சொன்னாங்க."

அர்ஜுனன் தட்டை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கேட்டுக்கு நேராகப் போய் உட்கார்ந்தது ராணி.

அருணகிரிக்கு முகம் சிவந்தது. "என்னைக் கேக்காம இந்த வீட்டுல எவ்வளவு பெரிய காரியம் நடந்திருக்கு!"

"கேட்டாங்களே சார். நீங்க பேப்பர் படிச்சிக்கினே 'சரி சரி'ன்னீங்க" என்றாள் ஆராயி. "நீங்க அனுப்பிச்ச ஆபீஸ் ஜீப்புலதான் கூட்டினு போனோம்."