பத்து வருஷம் வரி இல்லாத சுவர்

ஃபிலடெல்ஃபியா, 2014 மார்ச் 6

அன்புள்ள வியெசெக் சித்தப்பாவுக்கு,

யோவிதா பணிவோடு எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான், நீங்கள் கட்டித் தந்த இடதுபக்கச் சுவர், எல்லோரும் நலம். சித்தியின் முழங்கால் எப்படி இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் நீங்கள் கேட்டதற்கு நான் பதில் சொல்லாமல் பியெரோகிக் கொழுக்கட்டையை வாயில் திணித்துக்கொண்டேன். பதில் இல்லாமல் இல்லை. ஆள் முன்னால் எனக்குப் பேச வராது. காகிதத்தின் முன்னால் வரும்.

நீங்கள் சொன்னது இது: "பத்து வருஷம் வீட்டு வரி கிடையாதுன்னு சொன்னாதான்டி என் முதலாளி புது வீடு கட்டுவான். அவன் கட்டினாதான் எனக்கு வேலை. செவ்வாய்க்கிழமை நகர மன்றத்துல எங்க கட்டட வேலைக்காரங்க மஞ்சச் சட்டை போட்டுக்கிட்டு அதைத்தான் பேசப் போறேன். ரொட்டிக் கடையில மாவு பிசையுற உனக்கு என்ன புரியும்?"

எல்லாம் புரிகிறது. நம் தெருவில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. பக்கத்துப் பழைய வீட்டை உங்கள் முதலாளி இடித்தபோது நடுச்சுவர் பிளந்து, எங்கள் சமையலறைக்குள் போன வருஷ மார்ச் மாதக் காற்று வந்து உட்கார்ந்தது, அந்தச் சுவரை நீங்களே திரும்பக் கட்டினீர்கள், அதற்கு நன்றி, ஆனா இடிச்ச இடத்துல எழும்பின மூணு மாடி வீட்டுக்குக் கீழே கார் ஷெட் வச்சு, அதுக்கு வழி வேணும்னு நடைபாதையைச் சரிவா வெட்டிட்டாங்க, அப்பா பதினாலு வருஷமா வேற யாரும் கார் நிறுத்தாம பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் காப்பாத்தின வாசல் இடம் போச்சு, இப்ப ரெண்டு தெரு தள்ளி காரை நிறுத்திட்டு வர்றார், நாற்காலி மட்டும் வீட்டுல இருக்கு, அதோட முடிஞ்சுதா, அந்த வீடு நல்ல விலைக்குப் போனதால எங்க வீடும் விலை ஏறிடுச்சாம், எங்க வரி ரெண்டு மடங்கு, ஆனா மொட்டை மாடியில நாய்க்குத் தனிக் குழாய் வச்சிருக்கிற அந்தப் புது வீட்டுக்கு, அடிமனை தவிர, பத்து வருஷத்துக்கு வரியே இல்ல!

அப்பா மேல்முறையீடு செய்ய வரி அலுவலகம் போனார். மொழிபெயர்க்க நான். அப்பா போலிஷ்ல சொல்றார்: "புதுக் கட்டடத்துக்கு வரி இல்லல்ல? என் இடதுபக்கச் சுவர் புதுசு. அதுக்கும் வரி இல்லன்னு எழுதிக்கச் சொல்லு." நான் வாய்க்குள்ளேயே சொன்னேன். கவுண்டர்ல இருந்த அதிகாரியம்மா காதுகிட்ட கையைக் குவிச்சு, "கண்ணு, சத்தமா சொல்லு"ன்னாங்க. சத்தமா சொன்னேன். வரிசை மொத்தமும் சிரிச்சது. சிரிச்ச பிறகும் நான் உயிரோட இருந்தேன், சித்தப்பா. அது எனக்குப் புதுச் செய்தி.

இப்போது என் பதில். வரிப் பணத்தில் பாதிக்கு மேல் பள்ளிகளுக்குப் போகிறது. நான் படித்த பள்ளியில் நர்ஸ் செவ்வாய்க்கிழமை மட்டும் வருவார். நான் மயங்கி விழுந்தது வியாழக்கிழமை. வரி விலக்கு இல்லாவிட்டால் யாரும் கட்ட மாட்டார்கள் என்கிறீர்கள். உங்கள் முதலாளியின் ஆள் எங்கள் கதவைத் தட்டி, "விக்கிறீங்களா?" என்று மூன்று முறை கேட்டாயிற்று. வேண்டாத இடத்தை யாராவது மூன்று முறை கேட்பார்களா? மேல்முறையீடு தோற்றால் வீட்டை விற்றுவிடுவேன் என்கிறார் அப்பா. எங்கள் வீட்டை இடிக்கவும் உங்களைத்தான் அனுப்புவார்கள். வருவீர்களா? அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

செவ்வாய்க்கிழமை பேசுகிறவர்கள் பட்டியலில் நானும் பெயர் கொடுத்துவிட்டேன். உங்களுக்கு அடுத்த பெயர் என்னுடையது. குரல் நடுங்கும். நடுங்கட்டும்.

மாதா உங்கள் ஏணியையும் சித்தியின் முழங்காலையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்
யோவிதா

பி.கு.: உறையை ஒட்டும்போது தபால்காரர் வந்தார். மேல்முறையீடு தள்ளுபடி. ஆனால் சுவர் புதிதுதான் என்று ஒப்புக்கொண்டு, அதற்குப் பத்து வருஷம் விலக்கு கொடுத்துவிட்டார்கள். வருஷத்துக்குப் பதினோரு டாலர் மிச்சம். அப்பா நாற்காலியில் ஏறி நின்று, "அருமையான சட்டம்டி! வீட்டை யார் விக்கிறா? அடுத்து வலப்பக்கச் சுவரை இடிக்கச் சொல்லு" என்கிறார். அவருக்கும் ஒரு மஞ்சள் சட்டை வேண்டுமாம், பெரிய அளவு. நான் உங்கள் இருவரையும் எதிர்த்துப் பேசுவேன். மூன்று பேரும் உங்கள் வேனிலேயே போய்விடலாம். எங்கள் காரை எடுத்தால் திரும்ப நிறுத்த இடம் கிடைக்காது.