சும்மா தொட்டுத்தான் பார்த்தானாம்

முதலில் துரோகம் செய்தவன் பக்கத்து வீட்டு ரால்ஃப். கத்பர்ட் இதைச் சாகும்வரை மறக்க மாட்டார்.

இங்கிலாந்தில் டர்ஹம் பக்கத்துச் சுரங்க ஊர்களில் லீக் வளர்ப்பவனுக்கு உள்ள மரியாதை பாதிரியாருக்குக்கூடக் கிடையாது. லீக் என்றால் வெங்காயத்தாளின் பெரியண்ணன். கத்பர்ட்டுடையது குழந்தையின் தொடை கனம் இருக்கும். போன வருஷம் ஊர்ச் சங்கம் நடத்திய லீக் போட்டியில், நடுவர் வர ஒரு நிமிஷம் இருக்கும்போது, ரால்ஃப் அதன்மேல் கட்டைவிரலை வைத்தான். குழி விழுந்தது. கோப்பை போனது.

"சும்மா தொட்டுத்தான் பார்த்தேன்."

"தொட்டா குழி விழுமாடா? அமுக்கினே!"

"அடுத்த தடவை ஜெயிச்சுக் காட்டு. சங்கத்துல எல்லார் முன்னாலயும் அமுக்கினேன்னு ஒத்துக்கிட்டு மன்னிப்புக் கேக்குறேன்."

அந்த மன்னிப்புக்காகவே கத்பர்ட் ஒரு வருஷம் உயிர் வாழ்ந்தார். ரால்ஃப் வீட்டைப் பார்த்த ஜன்னலுக்குப் பலகை அடித்தார். தோட்டத்துக் கொட்டகைக் கதவில் சாக்பீஸால் சட்டம் எழுதினார்: தொடாதே. தடவாதே. வருடாதே. தட்டாதே. அமுக்காதே. கிள்ளாதே.

மனைவி ஹில்டா இடுப்பில் கை வைத்துக்கொண்டு படித்தாள்.

"தடவுறதுக்கும் வருடுறதுக்கும் என்ன வித்தியாசம்?"

"தடவுறது உள்ளங்கையால. வருடுறது விரல் நுனியால, ஆசையா."

"ஓ, தெரிஞ்சுதான் வச்சிருக்கியா? இருபது வருஷமா எனக்கு ரெண்டுமே கிடைக்கல. மறந்துட்டியோன்னு நெனச்சேன்."

"நீ என்ன லீக்கா?"

அந்த வாய்தான் அவரைக் கெடுத்தது.

போட்டிக்கு முந்தின நாள் காலை. லீக்கைப் பிடுங்கியாயிற்று. இனி பாலில் நனைத்த துணியால் மண் போகக் கழுவ வேண்டும். நாற்பது வருஷம் கரி வெட்டிய கத்பர்ட்டின் கை அரம் மாதிரி. பட்டாலே லீக்கின் தோல் கீறிவிடும். வருஷா வருஷம் யாருக்கும் தெரியாமல் கழுவிக் கொடுப்பது ஹில்டாதான்.

"வா, பால் ரெடி" என்று கூப்பிட்டார்.

"கழுவணும்னா தொடணும், தடவணும். கதவு கூடாதுங்குதே."

"அழிச்சுடுறேன்."

"சங்கத்து விதியை எப்படி அழிப்ப? கழுவினவங்க பேர்லதான் லீக்கை வைக்கணும். இந்தா ஃபாரம். என் பேரை எழுது."

"அது என் லீக்!"

"அப்ப உன் கையாலயே கழுவு மனுஷா."

அவர் தன் கையைப் பார்த்தார். லீக்கைப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார்.

கோப்பை ஹில்டாவுக்கு. சங்கமே கைதட்டியது. ரால்ஃப் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நேராக அவளிடம் போனான்.

"போன வருஷம் நான் அமுக்கத்தான் செஞ்சேன், ஹில்டா. மன்னிச்சுக்கோ."

"பரவால்ல விடு. வருஷா வருஷம் பார்த்துப் பார்த்துக் கழுவினவ நானு. அன்னிக்கு மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு."

கத்பர்ட் பாய்ந்து வந்தார். "டேய், என்கிட்ட கேளுடா மன்னிப்பு!"

"உன்கிட்ட எதுக்குப்பா?" என்றான் ரால்ஃப். "நீதான் அதைத் தொடவே இல்லையாமே!"