டிரினி மிதித்த தேசிக்காய்கள்

கொட்டாஞ்சேனையில் தேசிக்காய்க்கு, அதாவது எலுமிச்சைக்கு, தட்டுப்பாடு வந்ததற்கு மழையும் காரணமில்லை, வெயிலும் காரணமில்லை. டிரினிதான் காரணம்.

டிரினிடாட்டிலிருந்து கொழும்புக் கழகமொன்றுக்கு உதைபந்து விளையாட வந்தவன். எங்கள் மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்தான். அப்படியொரு உயரம். தினமும் எங்கள் வாசல் நிலையில் தலையை முட்டிக்கொள்வான். தினமும் நிலையிடம் 'சொறி' என்று மன்னிப்புக் கேட்பான். தமிழை ஓட்டோக்காரச் செல்வத்திடம் படித்ததால் அவனுக்கு உலகமே மச்சான்தான். என் மனைவியையும் விடவில்லை. "ரதி மச்சான், பிளேன்டீ!" என்று மாடியிலிருந்து கத்துவான்.

செல்வம் புது ஓட்டோ எடுத்த அன்று மூன்று சில்லுக்கும் மூன்று தேசிக்காய் வைத்து நசித்தான். டிரினி குந்தியிருந்து பார்த்தான்.

"இது என்ன மச்சான்?"

"புது வண்டி ரோட்டில இறங்கேக்க கண்ணூறு படக்கூடாது. அதுக்குத்தான்."

"நானும் ஊருக்குப் புதுசுதானே மச்சான்!"

அடுத்த மட்சுக்குப் போகுமுன் வாசலில் இரண்டு தேசிக்காய் வைத்து, சப்பாத்தோடு ஏறி மிதித்தான். அன்று இரண்டு கோல். பிறகு யார் சொல்லிக் கேட்பான்? அதற்குப் பின் ஏழு மட்சில் ஒரு கோலும் இல்லை. ஆனால் தேசிக்காயைக் குறை சொல்ல விடமாட்டான். "காய் நல்லது மச்சான், கால்தான் சரியில்லை" என்பான்.

கழகம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. கடைசி மட்சிலும் கோல் இல்லையென்றால் ஒப்பந்தம் இல்லை, ஊருக்குப் போகலாம். எங்கள் ஒழுங்கையே, அந்தச் சின்னச் சந்து முழுதுமே கலங்கிவிட்டது.

அன்று செல்வம் வாசலில் இரண்டு காய் வைத்தான். அது தெரியாமல் ரதி கேற்றடியில் இரண்டு வைத்தாள். இதெல்லாம் தெரியாமல் ஒழுங்கை முனைக் கடைக்கார நானா தன் பங்குக்கு இரண்டு. டிரினி ஒன்றையும் விடவில்லை. ஆறாவது காயில் வழுக்கித் தடாலென்று விழுந்தான். கணுக்கால் வீங்கிவிட்டது.

"ஐயோ, நாங்களே அந்தப் பிள்ளையைக் கெடுத்திட்டமே!" என்று ரதி அழுதாள்.

மைதான ஓரத்தில் அவனை மாற்று ஆட்டக்காரரின் வாங்கில் உட்காரவைத்துவிட்டார்கள். கெஞ்சிக் கூத்தாடிக் கடைசிப் பத்து நிமிடம் நொண்டிக்கொண்டே இறங்கினான். நொண்டுகிறவனை யார் மறிப்பார்கள்? தனியே நின்றவனை நோக்கிப் பந்து உயர்ந்து வந்தது. எங்கள் வாசல் நிலையில் தினமும் பழகிய தலையல்லவா! முட்டினான். கோல்!

செல்வம் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினான். அந்தக் கோலைப் பார்த்த மாலைதீவுக் கழகக்காரர் ஒருவரோ டிரினியையே தூக்கிவிட்டார். நல்ல சம்பளம், இரண்டு வருட ஒப்பந்தம். வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு என்ன உரிமை?

புறப்படும் அன்று பெட்டியை ஏற்றிவிட்டு டிரினி ஓட்டோவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"செல்வம் மச்சான், தேசிக்காய்?"

"முடிஞ்சுது மச்சான். கடையிலயும் இல்லையாம்."

செல்வத்தின் சட்டைப்பையில் மூன்று காய்கள் துருத்திக்கொண்டு நின்றன. நான் கண்டும் காட்டிக்கொடுக்கவில்லை. டிரினி போவது எனக்கும் பிடிக்கவில்லை.