பிளாஸ்டிக்குக்குப் பொட்டு இல்லை

மண், பொன், பெண் என்று மூன்று ஆசைகளைத்தான் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். எனக்கு நாலாவதாக ஒன்று வந்து தொலைத்தது: கைத்துவக்கு.

ஊரில் துவக்கு என்றால் அதன் வாய் எப்போதும் என்னைத்தான் பார்க்கும். இராணுவச் சோதனைச்சாவடிகளில் கையைத் தூக்கித் தூக்கியே வளர்ந்தவன் நான். ஒருமுறையாவது பிடியின் பக்கம் நின்று ஒரு காகித வட்டத்தைச் சுட வேண்டும், அப்போது கை நடுங்கக் கூடாது. அப்படி ஏங்கினேன். இரண்டாயிரங்களின் நடுவில், மொன்றியலில், உரிமம் எடுத்து, ஒரு சுடுகழகத்தில் தற்காலிக உறுப்பினராகி, வாங்கியேவிட்டேன்.

அரைத் தானியங்கி, முழு அளவு. மேலே முன்னும் பின்னும் ஓடுகிற பகுதி இரும்பு, மிச்ச உடம்பு பிளாஸ்டிக். கடைக்காரன் மரியாதையாக ‘பொலிமர்’ என்றான். (எங்கள் குளியலறை வாளியும் அந்தச் சாதிதான்.) என் கைக்கு அது, தம்பியின் காலில் அண்ணையின் செருப்புப் போல. விசைக்கு விரல் எட்டுவதற்குள் பிடி நழுவும். ஆனாலும் அந்தச் சொரசொரப்பைத் தொட்டால் நெஞ்சு குளிர்ந்துவிடும்.

கழகத்தில் இறுதிச் சோதனை ஆயுதபூசைக்கு மறுநாள் வந்தது. தேறாவிட்டால் உறுப்பினர் பதவி போகும், அதோடு துவக்கும் போகும். எனவே சரஸ்வதி படத்தின் முன்னால், தையல் மெஷினுக்கும் கார்ச் சாவிக்கும் நடுவே, குண்டில்லாமல், விசையில் பூட்டோடு அதை வைத்துவிட்டு, காவலுக்குப் பக்கத்திலேயே இருந்தேன்.

சந்தனக் கிண்ணத்தோடு வந்த மனைவி தட்டிப் பார்த்தாள்.

“என்னப்பா, இது பிளாஸ்டிக் எல்லோ! பிளாஸ்டிக்குக்கு ஆரும் பொட்டு வைப்பினமோ?”

“மேல்பக்கம் இரும்பப்பா.”

“அப்ப மேலதான்.”

கீழே வைக்க வேண்டியதையும் சேர்த்து மேலேயே அப்பினாள். பூவும் தூவினாள். பூசையில் வைத்ததைத் துடைக்க எனக்கு மனம் வரவில்லை. (புத்தி? அது அன்றைக்கு விடுமுறையில் இருந்தது.)

மறுநாள், வெள்ளை மீசைப் பிரெஞ்சுக்காரர் ஒருவர்தான் மேற்பார்வை.

“மொன்சியூர், இது என்ன மஞ்சள்?”

“ஆசீர்வாதம்.”

மனிதர் சர்ச்சுக்குப் போகிறவர்போல. குழாய்க்குள் மட்டும் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

சுட்டேன். நடு வட்டம்! கை நடுங்கவில்லை. ஐயோ, அந்த ஒரு கணம்! அதற்காகத்தானே இவ்வளவு காலம் காத்திருந்தேன்.

இரண்டாவது குண்டுக்கு, பின்னால் போன மேல் இரும்பு திரும்பி வரவில்லை. காய்ந்த சந்தனம் பாதியிலேயே இறுக்கிப் பிடித்துவிட்டது. மேற்பார்வையாளர் வாங்கி, குண்டை எடுத்துவிட்டுக் குலுக்கினார். ஒரு செவ்வந்தி இதழ் மெல்ல விழுந்தது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள்.

“சுத்தம் செய்யாத துவக்கோடு வந்தால் தோல்வி, மொன்சியூர்” என்றார். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

துவக்கை விற்றாயிற்று. அதன் பெட்டியை மட்டும் விற்க மனம் வரவில்லை. ஒவ்வோர் ஆயுதபூசைக்கும் அந்த வெறும் பெட்டியைக் கொண்டுபோய் வைப்பேன். மனைவி தையல் மெஷினுக்குப் பொட்டு வைப்பாள், சாவிக்கு வைப்பாள், என் பெட்டிக்கு முன்னால் வந்ததும் நிற்பாள். பிரெஞ்சிலேயே கதைக்கும் என் மகள் அந்த ஒரு வசனத்தை மட்டும் சுத்தத் தமிழில் முந்திக்கொண்டு சொல்லுவாள்:

“அம்மா, அது பிளாஸ்டிக்!”