நார்பர்ட் பிடித்த சேனல்

யாரையும் கேட்பதில்லை என்று நார்பர்ட் ஸாவிட்ஸ்கி திங்கட்கிழமை காலையிலேயே சபதம் எடுத்துவிட்டார். முப்பத்தொரு வருஷம் ஈரி நகரத்து ரயில் எஞ்சின் தொழிற்சாலையில் வெல்டராக இருந்தவர். ஒரு டிவி சேனலைக் கண்டுபிடிக்க அடுத்தவன் தயவு எதற்கு?

விஷயம் சின்னதில்லை. மகன் டேமியன் பஃபலோ நகரத்து அமெரிக்கக் கால்பந்து அணியில், ஆளை ஆள் முட்டித் தள்ளும் அந்த ஆட்டத்தில், ஒட்டிக்கொண்டிருந்தான். ஒட்டிக்கொண்டிருந்தான் என்பதுதான் சரியான வார்த்தை. சீசனுக்கு முந்தைய ஒத்திகை ஆட்டத்தில் பெரிய ஆட்டக்காரர்கள் தலையைக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதியில் இவனைப் போன்ற பையன்களை இறக்கிப் பார்ப்பார்கள். பிடிக்கவில்லையென்றால் செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சனிக்கிழமை சிகாகோவில் ஆட்டம். நேரில் வந்தால் என் கவனம் சிதறும், வராதீர்கள் என்று அவனே சொல்லிவிட்டான். டிவியில் அவன் வரும் முதல் ஆட்டம் அது. கடைசி ஆட்டமாகவும் இருக்கலாம்.

இந்த ஒத்திகை ஆட்டங்களைப் பெரிய சேனல்கள் சீண்டுவதில்லை. ஏதோ ஒரு உள்ளூர் சேனல் எடுத்துப் போடும். எது என்பதுதான் பரம ரகசியம். நார்பர்ட் விளையாட்டுச் சேனல்களைச் சல்லடை போட்டுச் சலித்தார். செய்தித்தாளைக் கரைத்துக் குடித்தார். ஒன்றும் அகப்படவில்லை.

"டேமியனையே கேட்டா என்ன?" என்றாள் மனைவி டோலோரஸ்.

"அவன் ஆட்டத்தப் பார்ப்பானா, எனக்குச் சேனல் தேடுவானா? நீ சும்மா இரு."

அவள் சும்மா இருந்தாள். டோலோரஸ் சும்மா இருந்தால் நார்பர்ட் வழக்கமாகப் பயப்படுவார். இந்த முறை மறந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஒரு பெரிய ஆன்டெனாவோடு வந்து இறங்கினார். பஃபலோவிலிருந்து காற்றில் வரும் ஒளிபரப்பை நேராகவே பிடித்துவிடுவதாகத் திட்டம். கூரையோரத்தில் மழைத்தண்ணீர் ஓடும் தகரக் கால்வாயைச் சுத்தம் செய்யச் சொல்லி டோலோரஸ் மூன்று கோடையாகக் கெஞ்சியிருக்கிறாள். அப்போதெல்லாம் முழங்கால் வலி. சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு, ஆட்டம் ஆரம்பிக்கும்போது, அதே முழங்காலோடு அணில் மாதிரி ஏறினார். ஏணியைப் பிடித்துக்கொண்டவள் டோலோரஸ்தான். பிறகு உள்ளே போய் டிவிக்குப் பக்கத்து ஜன்னலில் நின்றுகொண்டாள்.

"நார்ப், படம் கட்டம் கட்டமா வருது. இன்னும் வலது பக்கம் போ."

போனார்.

"வந்துச்சு, போயிடுச்சு. அங்க கால்வாய்ல என்ன அடைச்சிருக்கு?"

"மேப்பிள் இலை. ஒரே சேறு."

"ஈரம் சிக்னல உறிஞ்சிடுமோ?"

அந்தக் கேள்வி அவருக்குள் தூங்கிக்கொண்டிருந்த நிபுணரைத் தட்டி எழுப்பியது. தகரம், தண்ணீர், மின்சாரம் மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கூரைமேல் நின்றபடியே ஐந்து நிமிடம் விளக்கினார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்படியானால் எடுத்துவிடுவதுதானே நல்லது என்றாள். கை கையாக அள்ளிப் போட்டார். அள்ள அள்ளப் படம் தெளிவதாகக் கீழிருந்து தகவல் வந்தது. கிழக்குப் பக்கம் முடிந்ததும் கோளாறு வடக்கே போயிற்று. வடக்கு முடிந்ததும் மேற்கே, பிறகு தெற்கே.

நடுவில் ஏணியில் இரண்டு படி ஏறி, பெப்பரோனி இறைச்சியை உள்ளே வைத்துச் சுட்ட ரொட்டி உருண்டை நாலு வைத்த தட்டை நீட்டினாள். நார்பர்ட் வாங்கிக்கொண்டார். இரண்டு மணி நேரமாக ஜன்னலில் கால் கடுக்க நிற்கிறாளே, இப்படி ஒருத்தி யாருக்குக் கிடைப்பாள்? இவள்மேல் எத்தனை தடவை எரிந்து விழுந்திருக்கிறோம் என்று நினைத்து வெட்கப்பட்டார்.

"நார்ப், இறங்கு. கண்ணாடி மாதிரி வந்துடுச்சு. கடைசிக் கால் பகுதி."

விழாத குறையாக இறங்கி ஓடினார். டோலோரஸ் தினமும் மத்தியானம் சமையல் பார்க்கும் சேனலில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. சமையல் சேனலுக்குள்ளேயே ஆட்டத்தை இழுத்து வந்துவிட்டதே என்று ஆன்டெனாவை மெச்சினார்.

எழுபத்தொன்றாம் எண் சட்டை களத்தில் இறங்கியது. டேமியன் முதல் மோதலிலேயே எதிராளி ஒருவனை மல்லாக்கத் தள்ளினான். அடுத்ததில் இன்னொருவனை. வர்ணனையாளர் ஸாவிட்ஸ்கி என்று சொன்னார். ஊரே கேட்க அவர்கள் வீட்டுப் பெயரை முதன்முதலாக ஒருவர் சொன்னார். நார்பர்ட் அழுதுவிட்டார். சேற்றுக் கையாலேயே மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ இல்லேன்னா இன்னிக்கு நான் இவனப் பாத்திருக்கவே மாட்டேன், டோலி."

"அது என்னவோ நெஜந்தான்" என்றாள் அவள்.

சாயங்காலம் டேமியன் போன் செய்தான். இன்னும் ஒரு வாரம் இருக்கும்படி பயிற்சியாளர் சொல்லிவிட்டாராம். நார்பர்ட் கடவுளுக்கு நன்றி சொன்னார், பயிற்சியாளருக்குச் சொன்னார், ஆன்டெனாவுக்கும் சொன்னார்.

"அந்தச் சேனல அப்பா எப்படிப் பிடிச்சேன் தெரியுமாடா?"

"எந்தச் சேனல்னு நான்தான் திங்கட்கிழமையே அம்மாகிட்ட சொல்லிட்டேனே" என்றான் டேமியன். "ஆமா, கால்வாய் நாலு பக்கமும் முடிஞ்சிருச்சாப்பா?"