கண்ணொளியாரின் மௌனம்

விடிவதற்குள் வரிசை தெருமுனையைத் தாண்டிவிட்டது. யாரோ இலவசமாகப் புத்தி கொடுக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கெல்லாம் இவ்வளவு கூட்டம் வராது. கண்ணொளியார் வந்திருக்கிறார்! கத்தி இல்லை, ரத்தம் இல்லை, வெறும் வாயாலேயே கண்புரையை உறிஞ்சி எடுக்கிற மகான். பித்தளைக் குழாயைக் கண்ணோரம் வைப்பார்கள். ஒரே உறிஞ்சு. கண்ணாடிக் கிண்ணத்துத் தண்ணீரில் துப்புவார். வெள்ளை வெளேரென்று ஒரு சவ்வு மிதக்கும். அதுதான் புரையாம். 'காணிக்கை உங்கள் விருப்பம்' என்று பலகை வைத்திருந்தார்கள். உங்கள் விருப்பம் எவ்வளவு என்பதை வாசலில் நிற்கும் சீடர் சொல்லிவிடுவார்.

வரிசையின் நடுவில் தையல்காரர் நின்றார். பாவம், அவருக்கு இது மூன்றாவது உறிஞ்சு. ஒரு வருஷமாகவே உலகம் அவருக்குப் புகை படிந்த ஜன்னல் வழியாகத்தான் தெரிந்தது. விளக்கைப் பார்த்தால் சுற்றிலும் வளையம். வெள்ளைத் துணியெல்லாம் பழுப்பு. போன மாதம் ஒரு வக்கீலின் கறுப்புக் கோட்டுக்கு ஊதா நூலில் காஜா எடுத்துக் கொடுத்துவிட்டார். வக்கீல் அதைப் போட்டுக்கொண்டு நீதிபதி முன்னால் வேறு நின்றிருக்கிறார். போன வாரம் மிஷின் ஊசி விரல் நுனியில் இறங்கியது. மனைவி மிஷினுக்கு உறையைப் போட்டு மூடி, மேலே ஊறுகாய் ஜாடியை வைத்துவிட்டாள். அந்த ஜாடியைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தையலை விட்டால் வேறு என்ன தெரியும் அவருக்கு?

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் என்றதும் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடி வந்தவர் இவர். அன்றாடம் கத்தரிக்கோல் பிடிக்கிற வீரர்!

"ரெண்டு முறை உறிஞ்சியாச்சே மாமா, என்ன தெரியுது?" என்று கேட்டான் துணைக்கு வந்த மச்சான். மனைவியின் தம்பி. வெல்டர்.

"விரல் தெரிஞ்சுதுடா. சீடர் காட்டினாரு. ரெண்டுன்னு கரெக்டாச் சொன்னேன்."

அந்த நேரம் உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது: "ரெண்டு!" கைதட்டல். சற்று நேரத்தில் இன்னொரு குரல்: "ரெண்டு!" மறுபடி கைதட்டல்.

"ஏன் மாமா, அந்தாளுக்கு மூணாவது விரலே கிடையாதா?"

உண்மையில் தையல்காரர் விரலையே பார்க்கவில்லை. வரிசையில் நின்றே பாடம் ஆகிவிட்டது.

"சரி, அவரு ஏன் வாயே திறக்கறதில்ல?"

"மௌனம்டா. பேசினா வாக்குல இருக்கற சக்தி போயிடுமாம்."

"கறுப்புக் கண்ணாடி?"

"அவரு கண்ணுல இருக்கற ஒளி நம்ம மேல பட்டா தாங்காது."

"குழாயை ஏன் சீடரு பிடிச்சு வைக்கிறாரு?"

"கருணையில கை நடுங்குது."

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார். ஆளுக்குக் கண்ணில் மட்டும்தான் புரை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம், அதுதான் எனக்குச் சந்தேகம்.

"அப்படின்னா முதல்ல எனக்குப் பார்க்கட்டும். எனக்கும் வலது கண்ணு ரொம்ப நாளாத் தெரியல" என்றான் வெல்டர். தையல்காரர் திடுக்கிட்டார். ஏதோ சொல்ல வந்தார். மச்சான் அவர் கையை அழுத்தினான்.

உள்ளே போனார்கள். அறை நிறையக் கூட்டம். வெல்டரின் இடது கண்ணைச் சீடர் துணியால் இறுகக் கட்டினார். வலது கண்ணோரம் குழாய் வந்து நின்றது. கண்ணொளியார் குனிந்தார். உறிஞ்சினார். துப்பினார். கிண்ணத்தில் ஒன்றல்ல, மூன்று சவ்வு!

"மூணு அடுக்குப் புரை! ரொம்ப முத்தினது!" என்று கூவினார் சீடர். கூட்டம் வாயைப் பிளந்தது. "இப்பச் சொல்லுங்க, இது எத்தனை?"

"ரெண்டு" என்றான் வெல்டர்.

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. வெல்டர் நிதானமாகக் கட்டை அவிழ்த்தான். வலது கண்ணின் கீழிமையை விரலால் அழுத்தினான். கண் கழன்று உள்ளங்கையில் விழுந்தது. அதைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் டக்கென்று வைத்தான்.

"பட்டறையில இரும்புத்துண்டு தெறிச்சுப் போன கண்ணுக்குப் பதிலா வெச்சது இது. கடையில வாங்கினது. இதுலயா மூணு அடுக்குப் புரை?"

அப்போது பின்வரிசையிலிருந்து ஓர் அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். "பார்த்தீங்களா! செயற்கைக் கண்ணுல இருந்தே புரையை எடுத்துட்டாரே!"

இதற்கு மேல் எவன் என்ன சொல்வது? வெல்டர் தலையில் அடித்துக்கொண்டான். ஒரு சொம்புத் தண்ணீரைக் கண்ணொளியாரிடம் நீட்டினான்.

"அடுத்தது எங்க மாமா. நல்லா வாயைக் கொப்பளிச்சுட்டு உறிஞ்சுங்க சாமி. அவ்வளவுதான் கேக்கறேன்."

மகான் அசையவில்லை. தையல்காரர் முன்னால் வந்தார். "கொப்பளிங்களேன். என் பொழைப்பே இந்தக் கண்ணுலதான் இருக்கு."

கண்ணொளியார் அவசரமாக எதையோ விழுங்கப் பார்த்தார். புரையேறிவிட்டது! ஆமாம், அவருக்கும் புரைதான், ஆனால் தொண்டையில். இருமினார். கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே அடக்கி வைத்திருந்த அன்றைய சரக்கெல்லாம் மேஜையில் வந்து விழுந்தது. வெல்டர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான்.

"முட்டை ஓட்டுக்குள்ள ஒட்டியிருக்குமே, அந்தத் தோல். மௌனத்தோட ரகசியம் இதுதான். வாய் நிறையச் சரக்கு வெச்சுக்கிட்டு எப்படிப் பேசறது?"

தையல்காரர் அங்கேயே உட்கார்ந்து அழுதார். ஏமாந்ததற்கு அல்ல, 'ரெண்டு' என்று தானும் கத்தியதற்கு.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவர் கண்ணைப் பார்த்துவிட்டு, "புரைங்கறது மேல ஒட்டியிருக்கற தோல் இல்லீங்க, உரிக்கறதுக்கு" என்றார். "கண்ணுக்குள்ள ஒரு லென்ஸ் இருக்கு. பச்சை முட்டையோட வெள்ளைக்கரு மாதிரி தெளிவா இருந்தது, வெந்த மாதிரி வெளுத்துப் போச்சு. வெந்ததை மறுபடி பச்சையாக்க முடியுமா? உறிஞ்சினாலும் ஆகாது, சொட்டு மருந்து ஊத்தினாலும் ஆகாது. மங்கினதை எடுத்துட்டுப் புது லென்ஸ் வெக்கணும்."

"முத்தட்டும்னு காத்திருக்கணுமா?"

"பலாப்பழமா அது? வேலை செய்ய முடியலன்னாலே நேரம் வந்தாச்சு. ரொம்ப விட்டாத்தான் கஷ்டம்."

கண்ணை மரத்துப்போகச் செய்து, அவர் விழித்திருக்கும்போதே ஆபரேஷனை முடித்துவிட்டார்கள். அன்றைக்கே வீடு. அடுத்த நாள் கட்டை அவிழ்த்ததும் அவர் முதலில் பார்த்தது டாக்டரம்மாவின் கோட்டைத்தான். "அடேயப்பா, வெள்ளைன்னா இதுவா!" என்று சிரித்தார். அப்புறம் தான் போட்டிருந்த சட்டையைப் பார்த்தார். சொந்தக் கையால் தைத்தது. தையல் பாம்பு போல நெளிந்திருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. ஆனால் வீட்டுக்கு வந்ததும் மனைவி மிஷின் மேலிருந்த ஜாடியை எடுத்து அலமாரியில் வைத்தாள்.

இரண்டாவது கண்ணுக்காக மறுபடி போனபோது, காத்திருக்கும் பெஞ்சில் பக்கத்து ஆசாமியைத் தையல்காரர் உற்றுப் பார்த்தார். நன்றாகத் தெரிந்தது. ஒரு கண்ணில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு கண்ணொளியார்! செயற்கைக் கண்ணுக்கும் சொந்தக் கண்ணுக்கும் வித்தியாசம் அவருக்கு ஏன் தெரியவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது.

"ஏன் சாமி, அந்தச் சீடரை விட்டு உறிஞ்சச் சொல்லியிருக்கலாமே?"

மகான் மௌனத்தைக் கலைத்தார்.

"யோவ், கண்ணு விஷயம்யா. இதுல போய் விளையாட முடியுமா?"

ஊரார் கண்ணெல்லாம் விளையாட்டு, தன் கண் மட்டும் விஷயம். அடுத்த மகான் குழாயோடு வரத்தான் போகிறார். கும்பிடுவதற்கு முன்னால், அவருக்குக் கண் மங்கினால் எங்கே போவார் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். விரல் காட்டினால், எத்தனை என்று எண்ணிவிட்டுச் சொல்லுங்கள்.