புளியமரத்தடியில் ஒன்றுகூடவும்

ஒரு வாரப் பயிற்சிக்குப் போய் சான்றிதழோடு திரும்பியவனைவிட ஆபத்தான ஆள் உலகத்தில் கிடையாது. நான் அப்படித் திரும்பியவன். அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

செஞ்சியிலிருந்து திண்டிவனம் போகிற சாலையில் ஒரு கெமிக்கல் கிடங்கு. ஆசிட் கேன், பிளீச்சிங் பவுடர், சலவை சோடா எல்லாம் லாரியில் வந்து இறங்கி, சுற்றுவட்டாரக் கடைகளுக்குப் போகும். அங்கே எனக்குப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் வேலை. தற்காலிகம்தான். ஆய்வுக்கு வரும் அதிகாரி திருப்திப்பட்டால் நிரந்தரம் என்று முதலாளி சொல்லியிருந்தார். தளவானூரில் என் நைனா அதற்குள் நிரந்தரம் என்றே ஊர் முழுக்கச் சொல்லி முடித்திருந்தார்.

அதிகாரிக்காக நான் செய்த ஏற்பாடுகளைக் கேளுங்கள். விஷவாயு முகமூடி, ரப்பர் கையுறை, பூட்ஸ் எல்லாம் புதிதாக வந்திருந்தன. பிளாஸ்டிக் கவரைப் பிரிக்காமல் அப்படியே ஆபீஸ் பீரோவில் வைத்துப் பூட்டினேன். (டிவி ரிமோட்டுக்கே கவர் கழற்றாத வம்சம்.) அடுத்து, ஆபத்து என்றால் எல்லோரும் வந்து கூட ஒரு இடம் வேண்டும். காம்பவுண்டின் கிழக்கு மூலையில் ஒரு புளியமரம். அதிகாரிக்கு நாற்காலி போட அருமையான நிழல். 'ஒன்றுகூடும் இடம்' என்று பச்சை போர்டு எழுதி அதில் மாட்டிவிட்டேன்.

அதிகாரி வரும் நாளன்று பதினொரு மணிக்கு ஒத்திகை. நான் விசில் ஊத வேண்டும், பன்னிரண்டு பேரும் மரத்தடிக்கு ஓடி வரிசையாக நிற்க வேண்டும். மூன்று நாள் பழக்கியிருந்தேன்.

அன்று பத்தரைக்கு, லாரியிலிருந்து இறக்கும்போது ஒரு ஆசிட் கேன் நழுவி விழுந்து பிளந்தது. வெள்ளைப் புகை குபுகுபுவென்று கிளம்பியது. விசிலை ஊதினேன்.

"பதினோரு மணிக்குதான சார்?" என்றார் டிரைவர் மணி, டீ கிளாஸைக் கீழே வைக்காமல்.

"நெசம்ணே! நெசமாவே ஆசிட்டு!" கத்திவிட்டு இருமினேன்.

"இன்னாமா நடிக்கிறாரு பாரேன்!" என்றார் மணி பக்கத்து ஆளிடம்.

புகை மூக்கில் ஏறிய பிறகுதான் கிளாஸ் கீழே விழுந்தது. பழக்கியபடியே எல்லோரும் புளியமரத்தடிக்கு ஓடி வரிசையில் நின்றார்கள். பெருமையாக எண்ணத் தொடங்கினேன். ஏழு எண்ணுவதற்குள் புகையும் வந்து வரிசையில் சேர்ந்துகொண்டது. ஆடி மாதம், மேற்கிலிருந்து அடிக்கும் மேல்காற்று. எனக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. முதலிலிருந்து மறுபடி எண்ணினேன்.

பவுடர் மூட்டை தைக்கும் செல்வி தொண்டூர்க்காரி, என் வயதுதான் இருக்கும். வரிசையை விட்டு விலகி, ஒரு பிடி மண்ணை அள்ளி உயரத்திலிருந்து விட்டாள். மண் எங்கள் மேலேயே வந்து விழுந்தது.

"இன்னா சார், காத்து மலைப்பக்கத்துலேர்ந்து நேரா நம்ம மேலதான் வருது. இங்கியே நிக்க வச்சிருக்கீங்க?"

"வரிசைய விட்டு வராத! போர்டு இங்கதான் இருக்குது!"

(ஆமாம், அப்படியேதான் சொன்னேன்.)

"போர்டு இருமாது சார், நாமதான் இருமறோம். நெல்லு தூத்தறவ சொல்றேன், காத்துக்குக் குறுக்கால ஓடுங்க!"

வடக்கு கேட் வழியாக வேர்க்கடலைக் கொல்லைக்குள் அவள் ஓட, பதினொரு பேரும் பின்னால் ஓடினார்கள். மரத்தடியில் நானும் போர்டும் மட்டும் மிஞ்சினோம். அப்புறம் நானும் ஓடினேன். ஓடும்போதுதான் புரிந்தது, பன்னிரண்டு பேரையும் புகைக்குள் கொண்டுபோய் நிறுத்தியதே நான்தான் என்று. வேலை போகட்டும், இவர்களில் யாருக்காவது ஏதாவது ஆகியிருந்தால்?

கொல்லையைச் சுற்றி மேற்கே வந்ததும் மூச்சு சீரானது. மணி தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டார். ஆபீஸ் அந்தப் பக்கம்தான். பீரோ திறந்துவிட்டது, கவர் திறக்கவில்லை. பல்லால் கடித்துக் கிழித்தேன்.

"கவரோட மாட்டிக்கினா இன்னும் புதுசா இருக்கும் சார்," என்றாள் செல்வி. அவள் ரோட்டுக்குப் போய், கிழக்கே போகிற பைக்குகளை எல்லாம் நிறுத்தினாள். நானும் மணியும் காற்றுக்கு முதுகைக் காட்டியபடி நெருங்கி, சாக்கடைக்கு ஓடாமல் ஆசிட்டைச் சுற்றி மணல் கட்டினோம். பிறகு மேலே சலவை சோடாவைத் தூவத் தூவ, நுரைத்து அடங்கியது.

சரியாகப் பதினொரு மணிக்கு, தீயணைப்பு வண்டிக்குப் பின்னாலேயே அதிகாரி வந்து இறங்கினார்.

"ஒத்திகை ரொம்ப தத்ரூபமா இருக்கே!"

தலையை ஆட்டினால் போதும், வேலை நிரந்தரம். நைனாவின் முகம் கண்ணில் வந்து போனது. முகமூடியைக் கழற்றினேன். "ஒத்திகை இல்ல சார்" என்று தொடங்கி, பீரோ, போர்டு, புளியமரம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் செல்வியிடம் திரும்பினார். "நீங்க எங்கம்மா ட்ரெயினிங் எடுத்தீங்க?"

"தொண்டூர் நெல்லுக் களத்துல சார்."

எனக்கு இன்னும் ஆறு மாதம் தற்காலிகம் நீட்டித்தார்கள். இப்போது கிடங்கில் இரண்டு பக்கமும் ஒன்றுகூடும் இடம் உண்டு. உயரமான கம்பத்தில் செல்வியின் பழைய மஞ்சள் புடவைத் துண்டு காற்றைக் காட்டிப் பறக்கிறது. முகமூடிகள் கவரில்லாமல் வாசல் ஆணியில் தொங்குகின்றன. விசில் செல்வியிடம். அதன் பிறகும் கேன்கள் கசிந்திருக்கின்றன. ஒருவர்கூட இருமவில்லை.

வீட்டில்தான் விமோசனம் இல்லை. என் மனைவி மிளகாய் வறுத்து நெடி கிளம்பினால் போதும், என் மகள் வாயைப் பொத்திக்கொண்டு வந்து நிற்பாள்.

"அப்பா, எல்லாரும் புளியமரத்தடிக்குப் போயிடலாமா?"

நான் அதற்குள் ஜன்னல் திரை எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.